சிரிக்கும் நண்பர்கள், சிதைந்த கனவுகள்: நஜீப் மஹ்ஃபூழின் நான்கு புதினங்கள்

அரபு உரைநடையின் தொடக்ககாலப் பெருநூல்களுள் ஒன்றான 'கலீலா வ திம்னா', நண்பர் இருவரைப் பிரித்த கதையைத் தன் நடுநாயகமாகக் கொண்டது. காட்டரசனாகிய சிங்கமும், வழிதவறி வந்த காளையும் உளமொன்றி வாழ்கின்றன. அரசவையில் தனக்கோர் இடம் தேடும் திம்னா என்னும் நரி இரு தரப்புச் செவிகளிலும் ஐயத்தை ஊற்றுகிறது. இறுதியில் சிங்கம் தன் நண்பனைத் தானே கொல்கிறது. பஞ்சதந்திரத்தின் 'மித்திரபேதம்' எனத் தமிழர் அறிந்த இக்கதையைப் பஹ்லவி மொழி வழியாக எட்டாம் நூற்றாண்டில் அரபுக்குக் கொணர்ந்தவர் இப்னுல் முகஃப்பஃ. அதிகாரம் அச்சத்தால் இயங்குமிடத்தில் முதலில் மடிவது நட்பே என்னும் உண்மையை அவர் விலங்குகளின் வாயிலாக ஆட்சியாளரின் செவிக்கு எட்டச் செய்தார். அப்பாஸிய ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் அவரே அதிகாரத்தின் கரத்தால் கொல்லப்பட்டார்.

நட்பைக் குறித்த சிந்தனை அதன் பின்னரும் இஸ்லாமியப் பண்பாட்டில் தொடர்ந்து வளர்ந்தது. பத்தாம் நூற்றாண்டினரான அபூ ஹய்யான் அத்தவ்ஹீதி நட்பையும் நண்பரையும் பற்றித் தனி நூலொன்றே யாத்தார். இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் தோழமையின் ஒழுங்குகளுக்கு ஒரு முழுப் பகுதியை ஒதுக்கினார். நண்பனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளை அவர் அங்கே நிரல்படுத்துகிறார். நண்பனின் குறைகளைப் பற்றி நாவடக்குவது அவற்றுள் ஒன்று. அவனுக்கு நேர்மையாக நல்லுரை கூறுவது மற்றொன்று. மறைக்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். அமைதிக் காலத்தில் இவ்விரு கடமைகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஆனால் நண்பன் செய்த குறையால் வேறொருவரின் உயிரோ மானமோ பறிபோயிருந்தால்? அப்போது மறைப்பது விசுவாசமாகுமா, உடந்தையாகுமா?

இருபதாம் நூற்றாண்டு அரபுப் புதினத்தில் இவ்வினாவை மீண்டும் மீண்டும் எழுப்பியவர் எகிப்தின் நஜீப் மஹ்ஃபூழ். அவர் பெயரைக் கேட்டதும் 1959-இல் 'அல்-அஹ்ராம்' நாளேட்டில் தொடராக வந்து பெரும் சர்ச்சையைக் கிளப்பிய புதினமும், 1988-இல் கிடைத்த நோபல் பரிசும், 1994 அக்டோபரில் அவர் கத்தியால் குத்தப்பட்டதுமே பலரது நினைவுக்கு வருகின்றன. அந்த விவாதத்தின் நிழலில் அவருடைய அரசியல் புதினங்கள் போதிய கவனம் பெறாமற் போயின. 1962 முதல் 1988 வரை அவர் எழுதியவற்றுள் நான்கு புதினங்களை இங்கு எடுத்துக்கொள்வோம். நான்கிலும் ஒரு நண்பர் வட்டம் உண்டு. நான்கிலும் ஒரு கனவு உடைகிறது. அவ்வுடைவை எதிர்கொள்ள அவ்வட்டத்தினர் கைக்கொள்ளும் கருவி, ஏறக்குறைய எப்போதும், நகைப்பு. அந்த நகைப்பின் தகுதியை மஹ்ஃபூழ் எந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தார் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

வியாழன் இரவுகள்

மஹ்ஃபூழ் 1911 டிசம்பர் 11 அன்று பழைய கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் அப்பாஸிய்யாவுக்குக் குடிபெயர்ந்தது. 1934-இல் மெய்யியலில் பட்டம் பெற்ற அவர், 1971-இல் ஓய்வு பெறும்வரை அரசு ஊழியராகவே வாழ்ந்தார். வக்ஃப் அமைச்சில் பல்லாண்டுகள் பணியாற்றிய பின், கலைத் தணிக்கைத் துறையின் இயக்குநர் பொறுப்பையும் சிறிது காலம் வகித்தார். அதிகார எந்திரத்தை எள்ளிய எழுத்தாளர் அவ்வெந்திரத்தின் உள்ளேயே அமர்ந்திருந்தார் என்பது அவருடைய அங்கதத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாத செய்தியாகும். கோப்புகளின் மொழி, மேலதிகாரியின் பார்வை, பதவி உயர்வுக்கான காத்திருப்பு ஆகியவற்றை அவர் கேள்வியறிவால் எழுதவில்லை.

அவருடைய வாழ்வின் மற்றொரு தூண் நண்பர் வட்டம். எகிப்திய வழக்கில் இதனை 'ஷில்லா' என்பர். மஹ்ஃபூழின் ஷில்லா 'ஹராஃபீஷ்' எனத் தன்னை அழைத்துக்கொண்டது. மம்லூக்கியர் காலக் கெய்ரோவின் அடித்தட்டு மக்களைக் குறித்த பழஞ்சொல் அது. திரைப்பட நடிகர் அஹ்மத் மழ்ஹர், இயக்குநர் தவ்ஃபீக் ஸாலிஹ், நகைச்சுவை எழுத்தாளர் முஹம்மத் அஃபீஃபி முதலியோர் இவ்வட்டத்தில் இருந்தனர். வியாழன் இரவுகளில் அவர்கள் கூடினர். கட்சிகள் கலைக்கப்பட்டு, இதழ்கள் அரசுடைமையாகி, பாராளுமன்றம் ஒரே குரலில் பேசிய காலத்தில், எகிப்திய நடுத்தர வர்க்கத்தினருக்கு இத்தகைய கூட்டங்களே எஞ்சியிருந்த மன்றங்கள். அங்கே ஆட்சியாளரைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்குகள் பிறந்தன. அங்கிருந்தே நகரெங்கும் பரவின.

இவ்வாறு தமக்கு மிக நெருக்கமான ஓர் உறவையே மஹ்ஃபூழ் தம் புதினங்களில் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தினார். நட்பைப் போற்றிப் பாடுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அதனை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்.

வலையில் விழுந்த காடை

1962-இல் வெளிவந்த 'அஸ்ஸும்மான் வல்கரீஃப்' (காடையும் இலையுதிர்காலமும்), 1952 ஜனவரி 26 அன்று கெய்ரோ நகரம் தீப்பற்றி எரிந்த நாளில் தொடங்குகிறது. கதைத்தலைவன் ஈஸா அத்தப்பாக் வஃப்த் கட்சியின் இளம் நட்சத்திரம். அமைச்சகத்தில் உயர் பதவி வகிப்பவன். 1919 புரட்சியின் பிள்ளை என்றே தன்னைக் கருதிக்கொள்கிறான். ஸஅத் ஸக்லூலின் தலைமையில் எழுந்த அந்த மக்கள் எழுச்சி விடுதலையையும் அரசியல் சாசனத்தையும் கனவாகத் தந்தது. முப்பதாண்டுகளில் அக்கனவு பதவிப் பங்கீடாகவும் கையூட்டாகவும் தேய்ந்தது. ஜூலை 1952-இல் இராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கைப்பற்றுகின்றனர். ஊழல் களையெடுப்புக் குழு ஈஸாவைப் பதவியிலிருந்து நீக்குகிறது. அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணமும் முறிகிறது.

காப்பிக்கடையில் ஈஸாவும் அவனுடைய மூன்று நண்பர்களும் கூடுகின்றனர். அனைவரும் பழைய ஆட்சியின் மனிதர்கள். ஒருவர் ஆன்மிகத்தில் அமைதி தேடுகிறார். மற்றவர்கள் புதிய ஆட்சியோடு இசைந்துபோகக் கற்றுக்கொள்கின்றனர். பகலில் புரட்சியை ஆதரித்து எழுதும் பேனாவுக்குரியவரே, மாலையில் நண்பரிடையே அதே புரட்சியை எள்ளி நகையாடுகிறார். இவ்விரட்டை வாழ்வை மஹ்ஃபூழ் ஆரவாரமின்றிக் காட்டுகிறார். அங்கே நகைப்பு எதிர்ப்பாக அமையவில்லை; இசைந்துபோனதற்கான இழப்பீடாக அமைகிறது. மாலையில் சிரித்துத் தீர்த்துவிடுவதால் மறுநாட் காலையில் பணிவது எளிதாகிறது.

தனக்கு நேர்ந்த அநீதியையே எண்ணி எண்ணிக் குமையும் ஈஸா, அலெக்ஸாந்திரியாவில் ரீரி என்னும் ஆதரவற்ற பெண்ணோடு வாழ்ந்து, அவள் கருவுற்றதும் வெளியே துரத்துகிறான். அரசியலில் பலியானவன் என்று தன்னைக் கருதுபவனே மற்றொருவரைப் பலியாக்குகிறான். நெடுந்தொலைவு பறந்து களைத்துக் கரையில் வீழும் காடைகள் வேடர் வலையிற் சிக்குவதுண்டு. தலைப்பின் காடை ஈஸா என்றே வாசகர் எண்ணுவர்; ரீரியும் அதுவே என்பது பின்னரே புலப்படுகிறது. நண்பர்களின் உரையாடலில் அரசியல் உண்டு, ஆட்சி உண்டு, வரலாறு உண்டு. ரீரிக்கு மட்டும் அங்கே இடமில்லை. வட்டத்துக்கு வெளியே நிற்கும் இந்த மூன்றாம் ஆளை நினைவிற் கொள்ள வேண்டும். அடுத்து வரும் புதினங்களில் அந்த இடம் வெவ்வேறு முகங்களோடு திரும்பி வருகிறது.

படகுவீட்டில் ஒரு மௌனம்

நான்கினுள் கலை நிறைவு மிக்கது 1966-இல் வெளிவந்த 'ஸர்ஸரா ஃபவ்கன் நீல்' (நைலின்மீது வீண்பேச்சு). சுகாதார அமைச்சின் ஆவணப் பிரிவு எழுத்தர் அனீஸ் ஸகீ. மனைவியையும் மகளையும் இளமையிலேயே இழந்தவன். மேலதிகாரி கேட்ட அறிக்கையொன்றை எழுதி முடித்துச் சமர்ப்பிக்கிறான். முதற்பகுதியில் எழுத்துகள் உள்ளன; எஞ்சிய பக்கங்கள் வெற்றுத்தாள்கள். பேனாவில் மை தீர்ந்ததை, ஹஷீஷ் மயக்கத்திலிருந்த அவன் கவனிக்கவில்லை. மை தீர்ந்த பின்னும் பேனா எழுதிக்கொண்டே போகிறது. நூற்றுக்கணக்கான சொற்பொழிவுகளால் சொல்ல இயலாததை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது: அறிக்கைகள் இயங்குகின்றன; அவற்றில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அனீஸ் நைல் நதியில் மிதக்கும் படகுவீட்டில் வாழ்கிறான். இரவுதோறும் அங்கே நண்பர்கள் கூடி ஹுக்கா புகைக்கின்றனர். கலை விமர்சகர், வழக்கறிஞர், சிறுகதையாளர், திரைப்பட நடிகர், மொழிபெயர்ப்பாளர் என அனைவரும் படித்தவர்கள். நாட்டின் அறிவாளர்கள் எனத்தக்கவர்கள். எல்லாவற்றையும் பகடி செய்யும் இவர்களை எதுவும் தொடுவதில்லை. தங்களின்றியே நாடு நடக்கிறது, தங்கள் கருத்தை யாரும் கேட்பதில்லை, எனவே தங்களுக்குப் பொறுப்பும் இல்லை என்பது அவர்களின் தருக்கம். அத்தருக்கத்தில் உண்மையும் உண்டு என்பதை மஹ்ஃபூழ் மறுக்கவில்லை. குடிமக்களைப் பார்வையாளராக்கிய ஆட்சி மீதான குற்றச்சாட்டு அதனுள் அடங்கியிருக்கிறது. ஆனால் அக்குற்றச்சாட்டையே மெத்தையாக விரித்துப் படுத்துக்கொள்ளும் நண்பர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

படகுவீட்டின் காவலர் அம்மு அப்துஹ் என்னும் முதியவர், இப்புதினத்தின் மிகச் சிக்கலான படைப்பு. நெடிய உருவம், வயது தெரியாத முதுமை. கரையிலுள்ள சிறு பள்ளிவாசலில் அவரே தொழுகை நடத்துகிறார். படகுவீட்டாருக்கு ஹஷீஷும் பிறவும் கொண்டுவந்து கொடுப்பவரும் அவரே. இது மார்க்கத்தை இழிவுபடுத்தும் சித்திரம் என்று கொள்வாருண்டு. வாசிப்பை ஓரடி முன்னே கொண்டு சென்றால் வேறொன்று தென்படும். ஏழை ஒருவரின் அதே கைகளைத் தொழுகைக்கும் ஏவலுக்கும் பயன்படுத்திக்கொண்டு, அந்த முரணைக் கண்டு சிரிக்கவும் செய்யும் மேட்டிமையே இங்கு எள்ளப்படுகிறது. படகுவீட்டைக் கரையோடு பிணைக்கும் கயிறுகள் அம்மு அப்துஹ்வின் பொறுப்பில் உள்ளன. அவர் கைவிட்டால் அத்தனை அறிவும் நதியில் போய்விடும். மேலே அமர்ந்து சிரிப்பவர்கள் கீழே தாங்குபவரை ஒருமுறையேனும் தம்மில் ஒருவராக எண்ணியதில்லை.

புகைமயக்கத்தில் அனீஸின் மனம் ஃபிர்அவ்ன்களிடமும் மம்லூக்கியரிடமும் சென்று மீள்கிறது. பண்டை எகிப்திய அறிஞர் இபூவரை அழைத்து, அரசனிடம் அவர் சொன்னதாக வழங்கும் புலம்பலை அவன் கேட்கிறான். மன்னனைச் சூழ்ந்தோர் மன்னனிடம் பொய்யுரைக்கின்றனர் என்பது அதன் சாரம். 1966-இன் எகிப்தில் இதை நேராகச் சொல்ல வழியில்லை. இப்னுல் முகஃப்பஃ விலங்குகளின் பின்னே நின்றார். மஹ்ஃபூழ் நாலாயிரம் ஆண்டுத் தொன்மையின் பின்னே நின்றார்.

ஓரிரவு நண்பர்கள் காரில் ஏறி நகருக்கு வெளியே விரைகின்றனர். இருளில் கார் ஒரு வழிப்போக்கரை மோதிக் கொல்கிறது. அவர்கள் நிற்காமல் திரும்புகின்றனர். இறந்தவர் யாரென்று எவருக்கும் தெரியாது. அதன்பின் படகுவீட்டில் நடக்கும் வாதமே புதினத்தின் உயிர்நாடி. ஓட்டியவன் நண்பன், சொன்னால் அவன் அழிவான், எல்லோருடைய பெயரும் கெடும். நண்பனின் குறையை மறைப்பது கடமையல்லவா? இவர்களோடு பழகி இவர்களைப் பற்றி நாடகம் எழுத வந்த பத்திரிகையாளர் ஸமாரா பஹ்ஜத் கூட, வாழ்வில் பொறுப்புணர்வு வேண்டுமென்று வாதிட்டவர், இப்போது தயங்குகிறார். இத்தனை நாள் எதையும் பொருட்படுத்தாதிருந்த அனீஸ்தான் உண்மையைச் சொல்லியே தீரவேண்டும் என்று எழுகிறான்.

அவன் நோக்கம் முற்றிலும் தூயதன்று. பொறாமையும் சினமும் அதில் கலந்துள்ளன. நடிகனோடு கைகலப்பும் நிகழ்கிறது. மஹ்ஃபூழ் அவனை வீரனாக்கவில்லை. ஆயினும் அந்த வட்டத்தில் அதுவரை எவரும் செய்யாத ஒன்றை அவன் செய்கிறான்: வட்டத்துக்கு வெளியே இறந்து கிடக்கும் மனிதனைப் பேச்சுக்குள் கொண்டுவருகிறான். அந்தக் கணத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. புதினத்தின் அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.

இப்புதினம் அதிகாரத்தை உறுத்தியது. இராணுவத் தலைவர் அப்துல் ஹகீம் ஆமிர் வெகுண்டார் என்றும், பண்பாட்டு அமைச்சர் ஸர்வத் உகாஷா நூலுக்காகப் பரிந்துரைத்தமையால் ஆபத்து நீங்கியது என்றும் மஹ்ஃபூழ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். நூல் வந்த மறு ஆண்டு, 1967 ஜூனில், எகிப்து ஆறு நாட்களில் ஸினாய் முழுவதையும் இழந்தது. விபத்தை ஏற்படுத்திவிட்டு இருளில் விரையும் அந்தக் காரை அதன்பின் வாசித்தவர்கள் வேறு கண்களோடு வாசித்தனர்.

திம்னாவின் மீள்வரவு

'அல்-கர்னக்' 1974-இல் வெளிவந்தது. எழுதி முடித்த காலம் 1971 எனக் குறிக்கப்பட்டுள்ளது. கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் கதைசொல்லி, கர்னக் என்னும் காப்பிக்கடைக்குள் நுழைகிறார். கடையின் உரிமையாளர் முன்னாள் நடனக்காரி குரன்ஃபுலா. முதியவர்களும் மாணவர்களும் அங்கே ஒரு குடும்பம்போல் பழகுகின்றனர். இஸ்மாயீல் அஷ்ஷெய்க், ஸைனப் தியாப், ஹில்மி ஹமாதா ஆகிய இளைஞர்கள் ஜூலைப் புரட்சியின் பிள்ளைகள். அப்புரட்சியால் கல்வி பெற்ற ஏழைக் குடும்பத்தவரும் அவர்களுள் உண்டு. ஒரு நாள் அவர்களின் நாற்காலிகள் வெறுமையாகின்றன. திரும்பி வருகின்றனர், மீண்டும் மறைகின்றனர், மூன்றாம் முறையும் மறைகின்றனர்.

இங்கே அங்கதம் மிகக் கசப்பானது. பள்ளிவாசல் கட்டுவதற்கு ஒரு காசு நன்கொடை அளித்தமைக்காக இஸ்மாயீல் இஃக்வானைச் சேர்ந்தவன் என ஐயுறப்படுகிறான். அடுத்த முறை அவன்மீது சுமத்தப்படுவது பொதுவுடைமைக் குற்றம். ஒரே மனிதன் ஒன்றுக்கொன்று முரணான இரு இயக்கங்களின் ஆளாகக் கருதப்படும்போது, குற்றச்சாட்டு என்பதே பொருளற்ற சடங்காகிவிடுகிறது. ஆனால் அச்சடங்கின் விலை பொருளற்றதன்று. சிறையில் ஸைனப் மானபங்கம் செய்யப்படுகிறாள். பின்னர் உளவு சொல்ல நிர்ப்பந்திக்கப்படுகிறாள். இஸ்மாயீலுக்கும் அதே கதி. காதலர் இருவரும் ஒருவருக்கொருவர் மறைத்தபடி ஒரே காப்பிக்கடையில் அமர்கின்றனர். ஹில்மி காவலில் கொல்லப்படுகிறான். அவனைப் பற்றிய தகவல் நட்பின் வழியாகவே சென்றிருந்தது.

'கலீலா வ திம்னா'வில் நரி நண்பர்களுக்கு நடுவே வந்து நின்றது. இங்கே நரி வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. நண்பனையே திம்னாவாக மாற்றும் கலையை நவீன அரசு கற்றுக்கொண்டுள்ளது. படகுவீட்டாருக்குச் சிரிக்கும் உரிமையாவது எஞ்சியிருந்தது. கர்னக்கில் ஒருவர் சொன்ன நகைச்சுவை மறுநாள் விசாரணை அறையில் வாசிக்கப்படலாம். நம்பிக்கை இறந்த இடத்தில் நகைப்பும் இறக்கிறது.

ஆயினும் கலைப்படைப்பு என்னும் நிலையில் 'அல்-கர்னக்' முந்தையதைவிட மெலிந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பாத்திரங்கள் வாக்குமூலம் அளிப்பவர்களாகச் சுருங்குகின்றனர். சித்திரவதைகளுக்குப் பொறுப்பான காலித் ஸஃப்வான், பதவியிழந்து தண்டனையும் பெற்றபின் அதே காப்பிக்கடைக்கு வந்து அமர்வது அச்சமூட்டும் கற்பனை; ஆனால் அவன் வாயிலிருந்து வரும் அரசியல் முடிவுரைகள் கட்டுரையின் மொழியில் உள்ளன. மேலும் ஒரு நெருடல் உண்டு. ஜமால் அப்துன் நாஸர் 1970 செப்டம்பரில் காலமானார். அவர் காலத்துக் கொடுமைகளைப் பேசுவது 1974-இல் புதிய ஆட்சிக்கு உவப்பாகவே இருந்தது. 1975-இல் வெளிவந்த திரைப்படம் அந்த உவப்பை இன்னும் வெளிப்படையாகப் பரிமாறியது. மறைந்த ஆட்சியாளரை எள்ளுவதற்கும் இருப்பவரை எள்ளுவதற்கும் உள்ள இடைவெளி பெரிது. அவ்வளவில், துணிவின் துலாக்கோலில் 1966-இன் புதினமே தாழ்ந்து நிற்கும் கனத்த தட்டு. ஆனால் ஸைனபின் பகுதியை இக்கணக்கு தொடாது. எந்த ஆட்சிக்கு உவப்பாயினும், அவளுக்கு நேர்ந்ததைச் சொல்லியாக வேண்டியிருந்தது, மஹ்ஃபூழ் சொன்னார்.

குஷ்துமுரில் எழுபது ஆண்டுகள்

மஹ்ஃபூழின் இறுதிப் புதினம் 'குஷ்துமுர்', நோபல் பரிசு பெற்ற அதே 1988-இல் வெளிவந்தது. தலைப்பு மீண்டும் ஒரு காப்பிக்கடையின் பெயர். 1910-களில் பள்ளிச் சிறுவர்களாகச் சந்தித்த நண்பர்கள் முதுமை எய்தும்வரை அங்கே கூடுகின்றனர். தாஹிர் உபைதும் ஹம்மாதா அல்ஹல்வானியும் கிழக்கு அப்பாஸிய்யாவின் செல்வ மாளிகைகளிலிருந்து வந்தவர்கள். ஸாதிக் ஸஃப்வானும் இஸ்மாயீல் கத்ரியும் மேற்கு அப்பாஸிய்யாவின் எளிய வீடுகளைச் சேர்ந்தவர்கள். தாஹிர் குடும்பத்தின் எதிர்பார்ப்பை உதறிக் கவிஞராகிறார். ஹம்மாதா படிக்கும் நூலுக்கேற்பக் கொள்கை மாற்றுகிறார். ஸாதிக் இறைபக்தியும் வணிகமுமாக வாழ்கிறார். மேதையெனப் பெயரெடுத்து அரசியல் தலைமையைக் கனவு கண்ட இஸ்மாயீல், தந்தையின் மறைவால் தடம் மாறுகிறார்.

ஸக்லூலின் எழுச்சி, ஜூலைப் புரட்சி, ஜூன் தோல்வி, ஸாதாத்தின் திறந்த பொருளாதாரம் என ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு வாக்குறுதியோடு காப்பிக்கடையைக் கடந்து செல்கிறது. நண்பர்கள் கட்சியால் வேறுபடுகின்றனர், நம்பிக்கையால் வேறுபடுகின்றனர், செல்வநிலையால் வேறுபடுகின்றனர். ஆனால் எவரும் எவரையும் விலக்கவில்லை. கனவுகள் எல்லாம் உடைந்தபின் எஞ்சியிருப்பது அந்த மேசையும் அதைச் சுற்றிய முதியவர்களும் மட்டுமே. அரசியல் தராத நிலைபேற்றை நட்பு தந்துவிட்டது.

இங்கே நகைப்பு கூர் மழுங்கிக் கனிவாகியிருக்கிறது. அக்கனிவு நெகிழ வைக்கிறது என்பதில் ஐயமில்லை. எனினும் முந்தைய மூன்று புதினங்களையும் வாசித்தவருக்கு ஒரு வினா எழும். இந்த நட்பு நிலைத்தது ஏன்? இதற்கு எவரும் எப்போதும் விலை கொடுக்க நேரவில்லை என்பதாலா? படகுவீட்டாருக்கு நேர்ந்ததைப் போன்றோர் இரவு இந்நண்பர்களுக்கு நேரவில்லை. கர்னக்கின் நாற்காலிகளைப் போல் இவர்களின் நாற்காலிகள் வெறுமையாகவில்லை. மனைவியர், தாயர், மகள்மார் இவர்களின் பேச்சில் வந்து போகின்றனரேயன்றி ஒருநாளும் அம்மேசையில் அமர்வதில்லை. நால்வரின் வாழ்வையும் விரித்துரைக்கும் கதைசொல்லி தன்னைப் பற்றி ஏறக்குறைய எதுவுமே சொல்வதில்லை. கஸ்ஸாலி கூறிய நாவடக்கத்தை அவர் முழுமையாகக் கடைப்பிடிக்கிறார். நல்லுரைக் கடமையை எவரும் அவரிடம் கேட்கவில்லை.

மூன்றாம் ஆள்

நான்கு புதினங்களையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில், மஹ்ஃபூழ் நட்பையும் நகைப்பையும் அளந்த உரைகல் தெளிவாகிறது. ஆட்சியாளரை எவ்வளவு கூர்மையாக எள்ளினர் என்பது அவருக்கு அளவுகோலன்று. வட்டத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாம் ஆளை அச்சிரிப்பு காணவைத்ததா, மறைத்ததா என்பதே அளவுகோல். ரீரி, அம்மு அப்துஹ், பெயர் தெரியாத வழிப்போக்கர், ஸைனப் ஆகியோர் அந்த மூன்றாம் ஆளின் முகங்கள். நண்பர்கள் 'நாம்' என்றும், ஆட்சியாளர் 'அவர்கள்' என்றும் உலகை இரண்டாகப் பிரித்துக்கொள்ளும் அங்கதம் இவர்களை எங்கும் வைப்பதில்லை. அநீதியின் சுமையோ இவர்கள்மீதே இறங்குகிறது.

உடைந்த கனவுகளும் இவ்வொளியில் வேறு தோற்றம் கொள்கின்றன. 1919-இன் கனவு உடைந்ததற்கும் 1952-இன் கனவு உடைந்ததற்கும் ஆட்சியாளரின் குற்றங்கள் காரணம் என்பதை மஹ்ஃபூழ் அழுத்தமாகச் சொன்னார். அதோடு நிறுத்திக்கொள்ளாமல், அக்கனவைச் சுமந்தவர்கள் தம் மேசையின் எல்லைக்கு அப்பால் அதை எடுத்துச் செல்லவில்லை என்பதையும் சொன்னார். முதல் குற்றச்சாட்டுக்குத் துணிவு போதும். இரண்டாவதற்குத் தன் நண்பர்களின் முகத்தைப் பார்த்துப் பேசும் ஆற்றல் வேண்டும். ஒவ்வொரு வியாழனும் நண்பர்களிடையே அமர்ந்திருந்த ஒருவர் அதைச் சொன்னார் என்பது கவனத்துக்குரியது.

அவர் தீர்ப்பு வழங்கவில்லை. அனீஸ் காவல் நிலையத்துக்குச் சென்றானா என்பதைப் புதினம் சொல்வதில்லை. ஈஸா, தான் முன்னொரு காலத்தில் விசாரித்த இளைஞனை ஸக்லூலின் சிலையடியில் சந்தித்து, அவன் போன திசையில் இருளில் நடக்கத் தொடங்குகிறான். எட்டிப் பிடித்தானா என்பது தெரியாது. குறையை மறைக்கும் கடமையும் உண்மையை உரைக்கும் கடமையும் மோதும்போது எது முந்த வேண்டும் என்பதற்குச் சூத்திரம் எதையும் மஹ்ஃபூழ் தரவில்லை. ஆனால் யாரை நினைவிற் கொண்டு அம்முடிவை எடுக்க வேண்டும் என்பதைக் காட்டினார்.

2006 ஆகஸ்ட் 30 அன்று மஹ்ஃபூழ் மறைந்தார். 1994-இன் தாக்குதல் அவருடைய எழுதும் கையை முடக்கிய பின்னரும், பார்வையும் செவியும் மங்கிய பின்னரும், நண்பர் கூட்டங்களை அவர் கைவிடவில்லை. நட்பின் பலவீனங்களை அவரளவு அறிந்தவர் குறைவு. அறிந்தும் அதைத் துறக்கவில்லை. கூடிச் சிரிக்க நமக்கு நண்பர்கள் வேண்டும். சிரித்து முடித்தபின், நம்மிடையே இல்லாத ஒருவரைச் சுட்டிக்காட்டி அவருக்கு நேர்ந்தது என்னவென்று கேட்கும் நண்பர் ஒருவரேனும் வேண்டும். அவ்வினாவைப் பொறுத்துக்கொள்ளும் நட்பே நட்பென்பது இப்புதினங்களிலிருந்து நாம் பெறும் துணிபு.